எருமைகள் எந்தக் கரையில்

சீனப் பேரரசுக் காலத்து அரசாங்கக் கடிதங்களை வைத்துத்தான் என் ஆய்வு. ஆற்றில் படகுக் கொள்ளையரையும் மாட்டுத் திருடரையும் ஒடுக்குவது பற்றி மாவட்ட அதிகாரிகளும் ஆளுநரும் எழுதிக்கொண்டவை. ஜெர்சி சிட்டியிலிருந்து மன்ஹாட்டன் போகும் ரயிலில் நின்றுகொண்டே அவற்றின் நகல்களைப் படிப்பேன். இந்த வயதில் முனைவர் பட்டம் எதற்கு என்று கேட்காதவர் என் கணவர் ஒருவர்தான்.

ஒரு வழக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு விவசாயியின் இரண்டு எருமைகளைத் திருடி, படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்; அக்கரை வேறு மாவட்டம். திருடர்கள் அக்கரைக்காரர்கள், தன் பொறுப்பில்லை என்று இக்கரை அதிகாரி எழுதினார். திருட்டு நடந்தது இக்கரையில்தானே என்று அக்கரை அதிகாரி பதில் எழுதினார். ஆளுநர் இருவரையும் கண்டித்தார். இருவரும் மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, முன்பு எழுதியதையே திரும்ப எழுதினார்கள். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வங்கி ஒன்றில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் என் கணவருக்கு வரலாறு என்றாலே கொட்டாவி வரும். இந்த எருமைகளை மட்டும் அவர் விடவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம், "மாடு கெடச்சுதா?" என்பார்.

"இன்னும் லெட்டர்தான் போயிட்டிருக்கு."

"ரெண்டு பேரும் ஒரு படகு எடுத்துட்டுப் போய் பாத்திருந்தா முடிஞ்சிருக்குமே."

பனிக்காலம் முழுக்கத் தேடினேன். கடைசியில் கிடைத்தது இக்கரை அதிகாரியின் அறிக்கை. ஆற்றில் அமைதி நிலவுகிறதாம். விவசாயி கொடுத்தது பொய்ப் புகார் என்று தீர்ப்பாகி, அவனுக்குப் பிரம்படி. சில தாள்கள் தள்ளி, அதே அதிகாரிக்குப் பதவி உயர்வு.

அன்று கணவரிடம் சொன்னேன். பிசைந்த கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"கவர்னர் ஒண்ணும் கேக்கலையா?"

"சந்தோஷம்னு எழுதியிருக்காரு."

"கம்ப்ளெய்ன்ட் பண்ணாமலே இருந்திருக்கலாம் அவன்," என்றார்.

அந்த ஒரு வழக்கை வைத்து எதையும் நிறுவ முடியாது, எடுத்துவிடு என்றார் என் பேராசிரியர். விவசாயியின் மனு கிடைக்கவில்லை, பெயர்கூட எங்கும் இல்லை. ஆய்வு முறைப்படி அவர் சொன்னது சரி. ஒரு வாரம் அவரோடு மல்லுக்கட்டினேன். முடிவில் விவசாயியை அத்தியாயத்திலிருந்து எடுத்து அடிக்குறிப்பில் போட்டேன், மூன்று வரி. அதிகாரிகள் எழுதியது மட்டும் பக்கம் பக்கமாக உள்ளே இருக்கிறது.

"மூணு லைன்தானா?" என்றார் கணவர்.

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று அவரிடம் எரிந்து விழுந்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தைத் திறந்தேன். அது உப்புக் கடத்தல்.