சித்தி வாசலில் எருக்கு

நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் வீதியில் எல்லார் வீட்டு மொட்டை மாடியிலும் பூசணி பூத்தது. ஒருவர் வீட்டிலும் காய்க்கவில்லை. பிஞ்சு விட்ட சூட்டோடு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அம்மா முதலில் மண்ணைக் குறை சொன்னாள். பிறகு விதை விற்ற கடைக்காரரை. பிறகு கண்பட்டுவிட்டது என்று எதிர் வீட்டைச் சாடையாகப் பார்த்தாள். கடைசியில் யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்ப, பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோக எங்கள் பக்கம் ஒரு தேனீகூட இல்லாததுதான் காரணம் என்று தெரிந்தது. அன்றோடு என் டிராயிங் பிரஷ் என் கையைவிட்டுப் போனது. விடிந்ததும் அம்மா அதை எடுத்துக்கொண்டு மாடியேறி, ஆண் பூவைத் தொட்டுப் பெண் பூவில் தடவுவாள். சுற்றிலும் எந்த மாடியைப் பார்த்தாலும் யாராவது ஒரு பெண்மணி பிரஷ்ஷும் கையுமாகக் குனிந்து நின்றார். வீதியே வண்டு வேலை பார்த்தது.

கோயமுத்தூரைத் தாண்டி, சோளக்காட்டைச் சமன்படுத்திப் போட்ட மனைகளில் எங்களுடையதும் ஒன்று. கோபி, பொள்ளாச்சி, பல்லடம் என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து வேலைக்காக வந்து வீடு கட்டியவர்கள்தான் அங்கே எல்லாரும். நடுவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய சதுர இடம் ஒன்று இருந்தது. நாலு பக்கமும் வீடுகள் அதைப் பார்த்தபடி நிற்க, நாங்கள் எல்லாரும் ஒற்றுமையாக அதில் குப்பை கொட்டிவந்தோம். பூசணி விவகாரத்துக்குப் பிறகு குடியிருப்போர் சங்கத் தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டி, அந்த இடத்தைத் தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் தோட்டமாக்கிவிடலாம் என்றார். மெயின் ரோட்டு நர்சரியிலிருந்து வண்டி நிறையக் குரோட்டன்ஸும் டேபிள் ரோஸும் வந்து இறங்கின. பார்க்க அம்சமாக இருந்தது. ஃபோட்டோ எடுக்க எல்லாரும் வந்தார்கள், தேனீயைத் தவிர.

அப்போதுதான் சித்தி பேசினாள். சித்தி என் அம்மாவின் தங்கை. கோபி பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரே ஒரு சூட்கேஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், கொஞ்ச நாளில் பூங்கா ஓரத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டின் சொந்தக்காரர் துபாயில் இருந்தார். இரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் சித்திக்கு வேலை. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறவள் என்பதால் சின்னச் சின்ன விஷயங்கள் அவள் கண்ணில் பட்டுவிடும் என்று அப்பா சொல்வார்.

அவள் ஏன் வந்தாள் என்பது எனக்கு முழுதாகச் சொல்லப்படவில்லை. குழந்தை இல்லை என்பது தெரியும். அவர்கள் வீட்டுச் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு, அதில் வளையல் போட எல்லாரும் வரிசையாகப் போனபோது சித்தியின் மாமியார் அவளிடம், "நீ கொஞ்சம் அந்தப் பக்கமா நின்னுக்கோ சாமி" என்றாராம். சாமி என்று கொஞ்சித்தான் சொன்னார். எங்கள் பக்கத்தில் மரியாதை ஒரு இம்மி குறையாமல் ஒருவரை அழவைக்க முடியும். சித்தப்பா பக்கத்திலேயே நின்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதை அம்மா அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். தள்ளி நிற்கச் சொன்னதற்கு ஒருவர் வீட்டைவிட்டு வருவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் பள்ளியில் தினமும் சொல்வார்கள்.

அவர்கள் முறையாக வந்து கூப்பிடுவார்கள், சித்தியும் போய்விடுவாள் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது, ஊர் என்ன சொல்லும் என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். சித்தி போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தோட்டத்தைப் பற்றி மட்டும் தெளிவாகப் பேசினாள். நர்சரிச் செடி நம்மூர்ப் பூச்சிக்கு ஆகாது, இந்த மண்ணில் தானாக வருகிற செடிகளை வைக்கலாம் என்றாள். தும்பை, துளசி, நொச்சி, ஆவாரை, ஆடாதொடை என்று வாய்க்கால் ஓரத்திலிருந்தும் அவரவர் ஊர்த் தோட்டத்திலிருந்தும் கொண்டுவந்து நட்டோம். தும்பை பூத்ததும் கொசு அளவு தேனீக்கள் வந்துவிட்டன. என் பிரஷ்ஷும் திரும்பி வந்தது, மூன்று முடியோடு. பட்டாம்பூச்சிகளும் வந்தன. ஆனால் பஸ் நிற்கிற இடத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்புகிற பயணிகள் மாதிரி, தேனைக் குடித்துவிட்டு உடனே போய்விட்டன. அவை தங்க வேண்டுமானால் முட்டை வைக்க இடம் வேண்டும், ஒவ்வொன்றின் புழுவும் அதற்கான இலையை மட்டும்தான் தின்னும் என்றாள் சித்தி. நம் பக்கம் அதிகமாகத் திரிகிற ஆரஞ்சுப் பட்டாம்பூச்சிக்கு வெந்தய வரியன் என்று பெயர், அதற்கு எருக்கு வேண்டும் என்றாள்.

எருக்கு பாழடைந்த இடத்தில் முளைப்பது. ஒரு குடும்பம் விளங்காமல் போக வேண்டும் என்று சபிக்கிறவர்கள் உன் வீட்டில் எருக்கு முளைக்கட்டும் என்றுதான் சொல்வார்கள். அதைப் போய்க் காசு கொடுத்து வேலியடித்த தோட்டத்தில் யார் நடுவது? பட்டாம்பூச்சி வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எருக்கு எங்கே என்பதில்தான் சிக்கல். கிழக்குப் பக்கம் வைக்கலாம் என்றால் அங்கே ஒரு வீட்டில் பையனுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மேற்கில் இப்போதுதான் புதுமனை புகுவிழா முடிந்திருந்தது. வடக்கில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். தலைவர் சமரசமாக, வெள்ளெருக்கு வைத்துவிடலாம், அது பிள்ளையாருக்கு உகந்தது, தோஷம் இல்லை என்றார். எல்லாருக்கும் முகம் தெளிந்தது. சித்திதான் மறுத்தாள். வெள்ளெருக்கு என்றால் ஆளாளுக்குப் பூஜைக்குப் பறித்துப் போவார்கள், புழுவுக்கு ஒன்றும் மிஞ்சாது, ரோட்டோரத்துச் சாதா எருக்குதான் வேண்டும் என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

பிறகு அவள் மெதுவாக, "எங்க ஊட்டு வாசலுக்கு நேரா வெச்சுக்கலாமுங்க. எனக்கொண்ணும் இல்லீங்க" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. பல்லடத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தும்பைச் செடியின் காய்ந்த இலைகளைக் கிள்ள ஆரம்பித்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அன்று முழுக்கப் பாத்திரங்களோடுதான் பேசினாள்.

சித்தி தானே நட்ட எருக்கு யாருடைய தயவையும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த மழைக்குள் என் உயரத்துக்கு வந்து ஊதா நிறத்தில் பூத்தது. இலைக்கு அடியில் புழுக்கள் வந்தன. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட புழுக்கள். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். பால் கையில் பட்டால் கண்ணைத் தொடாதே என்று சித்தி சொல்லியிருந்ததால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பேன். உலகத்தில் அந்தப் புழுக்களைவிட அழகானது எதுவும் இல்லை என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் கோபியிலிருந்து தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள், சித்தியைக் கூப்பிட்டுப் போக வருகிறார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒப்பிட்டுக்கு, எங்கள் பக்கத்தில் போளிக்கு அதுதான் பெயர், பருப்பு வேகவைத்தாள். அப்பாவிடம் அரிவாளைக் கொடுத்து, அவர்கள் வருவதற்குள் அந்தச் சனியனை வெட்டி வீசிவிட்டு வரச் சொன்னாள். அப்பா போனார். நான் பின்னாலேயே ஓடி, இந்தப் புழு, அந்தப் புழு, இது நாளைக்குக் கூடு கட்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அரிவாளில் பதமில்லை என்று திரும்பி வந்துவிட்டார். அம்மா நர்சரி குரோட்டன்ஸ் தொட்டிகளில் பெரிதாக நாலை இழுத்துவந்து எருக்கின் முன்னால் நிறுத்தினாள். எருக்கு அவற்றுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

கார் வந்தது. சித்தியின் மாமியாரும் சித்தப்பாவின் பெரியப்பாவும் இறங்கினார்கள். சித்தப்பா ஃபோன் பேசிக்கொண்டு காருக்குள்ளேயே ஏசியில் இருந்தார். மாமியார் கேட் வரைக்கும் வந்து நின்றுவிட்டார். நான் பெருமையாக அவர் சேலையைப் பிடித்து, தொட்டிகளைச் சுற்றிக் கூட்டிப்போய்ப் புழுக்களைக் காட்டினேன். அவர் புழுவைப் பார்க்கவில்லை. செடியையே பார்த்தார்.

"இது தானா மொளச்சதுங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா, ஆமாங்க, மழைக்கு எங்கே பார்த்தாலும் முளைத்துவிடுகிறது என்று ஆரம்பித்தாள். அதற்குள் சித்தி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இல்லீங்க அத்தை. நாந்தானுங்க நட்டேன்."

"ஊட்டு வாசல்லயா சாமி?"

"ஆமாங்க. எனக்கு இது நல்லாத்தானுங்க இருக்குது."

சித்தியின் குரல் ஏறவில்லை. சிரித்த முகமாகவே சொன்னாள். உள்ளே வந்து உட்காருங்கள் என்றும் சொன்னாள். அவர்கள் உட்கார்ந்தார்கள், தண்ணீர் மட்டும் குடித்தார்கள், மஞ்சள் விலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். கூப்பிட வந்தவர்கள் கடைசி வரைக்கும் கூப்பிடவே இல்லை. எழுந்தபோது 'போயிட்டு வாரமுங்க' என்று சொல்வதுதான் வழக்கம். பெரியப்பா 'சரிங்க, இருங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அவர்களுக்குப் புழு பிடிக்கவில்லை, நான் காட்டியிருக்கக் கூடாது என்று எனக்கு அழுகையாக வந்தது. அம்மாவும் சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். நான் சித்தியிடம் போய், அப்பாவிடம் சொல்லி வேறு அரிவாள் வாங்கி வெட்டச் சொல்லட்டுமா, சித்தப்பா திரும்ப வந்து கூப்பிடுவார் என்றேன். சித்தி என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "வேண்டாம் கண்ணு, அது இருக்கட்டும்" என்றாள். பிறகு விருந்தாளிகளுக்கென்று செய்த ஒப்பிட்டில் நெய் ஊற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிட்டாள். அவள் அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஒப்பிட்டு அவளுக்குப் பிடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லூரிக்குப் போன பிறகு ஒரு நாள் மாடியில் துணி எடுக்கும்போதுதான் அதைக் கவனித்தேன். பூங்காவின் ஒரு மூலையில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அந்த மூலை எந்த வீட்டு வாசலுக்கும் நேராக இல்லை. எருக்கு அங்கே சுகமாக வளர்ந்திருக்கும், ஒரு சண்டையும் வந்திருக்காது. அன்றைக்குக் கூட்டத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை. எதையும் உற்றுப் பார்க்கிற சித்திக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? அவளுக்கு ஒரு வேலி வேண்டியிருந்தது. அந்த ஊரில் எல்லாருக்கும் புரிகிற வேலி. சித்தி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். சதுர்த்திக்குப் பூப்பறிக்க இப்போது வீதியே அவள் வாசலுக்குத்தான் வருகிறது.

அந்த ஞாயிறு சாயங்காலம் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது எங்கள் வீட்டு முறை. அழுது வீங்கிய முகத்தோடு அம்மா ஹோஸைப் பிடித்துக்கொண்டு துளசி, நொச்சி, ஆவாரை என்று வந்தாள். எருக்கு வந்ததும் குரோட்டன்ஸ் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் காலால் தள்ளிவிட்டு, அதன் வேரில் ஹோஸை வைத்தபடி நின்றாள். நகரவே இல்லை. மண் குழைந்து தண்ணீர் வழிந்து சித்தியின் வாசல் வரைக்கும் போனது. எருக்குக்கு யாராவது தண்ணீர் விடுவார்களா?

"அம்மா, அதுக்குத் தண்ணி வேண்டாம்னு சித்தி சொன்னாங்க."

"தெரியும் கண்ணு" என்றாள் அம்மா. ஹோஸை எடுக்கவில்லை.

பாவம், அம்மாவுக்குச் செடி வளர்க்கவே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் குழாயை மூடப் போனேன்.