பார்க்காத சரிவு

குழி தோண்டி, பனியைத் தூண்போல் வெட்டி நிறுத்தி, அதன் தலையில் பனிவாரியை வைத்துத் தட்டுகிறாள் ஆஃப்ரா. மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளிலிருந்து ஓங்கிப் பத்து. எத்தனையாவது தட்டில் எந்த அடுக்கு நழுவியது என்று நகரத்துப் பனிச்சரிவு எச்சரிக்கை அலுவலகத்துக்குப் போனில் சொல்லிவிட்டு, பள்ளிச் சமையற்கூடத்துக்கு உருளைக்கிழங்கு உரிக்கப் போவாள்.

டிரோல் மலைநாட்டின் அந்தப் பள்ளத்தாக்கில், மலையேறுகிறவர்கள் பனி எப்படி இருக்கிறதென்று அவளைத்தான் கேட்பார்கள். அவளோ பார்க்காததில்தான் தொடங்குவாள்: "நிழல் பக்கம் நான் பாக்கல. மேல முகட்டையும் பாக்கல."

"என்ன சமையல்னு கேட்டாலும், என்னென்ன செய்யலன்னுதான் சொல்லுவியா?" என்பார் தபால்காரர் ஹியாஸ். சிரிக்க மாட்டாள்.

நான்கு குளிர்காலங்களுக்கு முன் அவள் இப்படியில்லை. தங்கை மோய்டியின் கணவன் லோயிஸ் போனில் கேட்டான்: "எப்படி இருக்கு, ஆஃப்ரா?" அன்று வெயில் பக்கத்துக் குழியில் தூண் இருபத்தெட்டு தட்டுவரை தாங்கியிருந்தது. நிழல் பக்கத்துக்கு இருபது நிமிட நடை. குளிருக்குச் சோம்பித் திரும்பியிருந்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். நிழல் பக்கம்தான் உடைந்து அவனை மூடியது.

"பனியோட மனசு யாருக்குத் தெரியும்? நீ என்னக்கா பண்ணுவ?" என்று மோய்டி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நடக்காமல் விட்ட அந்த இருபது நிமிடத்தை ஆஃப்ரா அவளிடம் சொல்லவேயில்லை.

போன ஞாயிறு மோய்டி பனிச்சறுக்குப் பலகைகளுடன் வாசலில் நின்றாள். "அவர் போன இடத்தை ஒரு தடவையாவது பாக்கணும்க்கா. எப்படி இருக்கு?"

"நிழல் பக்கம் பாக்கல. இரு, நானும் வர்றேன்."

நிழல் பக்கச் சரிவில் ஏறாமல், அதன் ஓரத்து மரங்களருகே இருவரும் குழி தோண்டினார்கள். மூன்றாவது தட்டிலேயே தூண் நழுவி விழுந்தது. அடியில் சீனிபோல் உதிரி உதிரியாகப் பனி.

"மூணு தட்டுக்கே போயிடுச்சே! அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சாக்கா?"

ஆஃப்ரா பனிவாரியைக் கீழே வைத்தாள். "தெரியாது மோய்டி. அன்னிக்கு நான் இங்க வரவே இல்ல."

"வராமலா அவர்கிட்ட நல்லா இருக்குன்னு சொன்ன?"

"ஆமா."

மோய்டி குழியிலிருந்து ஏறினாள். பலகைகளை மாட்டிக்கொண்டு, வந்த தடத்திலேயே தனியாக இறங்கிப் போனாள். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஃப்ரா கையுறையைக் கழற்றினாள். உடைந்த அடுக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி, உருண்டையாகப் பிடிக்கப் பார்த்தாள். ஒட்டாமல் விரலிடுக்கில் சரிந்தது. மறுபடி அள்ளி, இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.