ஐந்து வரி முன்னேற்றம்

"இடது விழித்திரையின் நடுவிலிருந்த துளை அறுவைச் சிகிச்சையால் மூடப்பட்டது. பார்வை ஐந்து வரி முன்னேற்றம். சிக்கல் எதுவுமில்லை" என்கிறது ஆஸ்பத்திரிக் கடிதம். அதற்குரியவரான செபமாலைமுத்து, லண்டன் மோர்டனில் தன் வீட்டுச் சமையலறையில் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு மனைவி மேரிசாந்தியின் மூக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

தினமும் காலையில் இந்தச் சோதனை நடக்கும். அறுவைக்கு முன், "இண்டைக்கும் உமக்கு மூக்கில்லை" என்பார். பின்னர் மூக்கு திரும்பி வந்தது, சற்றே கோணலாக. எட்டு மாதம் போனதும் முகம் முழுவதுமே புகைக்குள் போய்விட்டது. "விண்டர் பஸ் கண்ணாடி மாதிரிக் கிடக்கு."

அறுவையின்போது கண்ணுக்குள் அடைத்த வாயு துளையை அழுத்த வேண்டுமென்று ஏழு நாள் குப்புறக் கிடந்தவர். சொன்ன நேரத்துக்கு முன் ஒருதரமும் நிமிரவில்லை. "எங்கட கலியாணத்தில, பொம்பிளை நான்கூட இவ்வளவு குனியேல்லை" என்று மேரிசாந்தி ஞாயிறு பூசைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

இவ்வளவு ஒழுங்கான நோயாளியிடம் ஒரே ஒரு கோளாறு. இருபத்தாறு வருடம் தபால் நிலையத்தில் முகவரி பார்த்துக் கடிதங்களை வகைபிரித்தவர். எழுத்து வரிசை எதைக் கண்டாலும் மனதில் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரிச் சுவரிலுள்ள எழுத்துப் பலகையை வலக்கண் ஒருமுறை வாசித்தால் போதும். இடக்கண்ணின் முறை வந்ததும் வாய் தன்பாட்டில் கடைசி வரிவரை ஓடிவிடும்.

"டொக்டருக்குப் பொய் சொல்லுறியள்" என்பார் மேரிசாந்தி.

"எங்க பொய்? எழுத்தெல்லாம் சரிதானே! அந்தப் பிள்ளை பாடுபட்டுச் செய்த கண். தெரியேல்லையெண்டால் முகம் வாடிப்போகுமப்பா."

அந்தப் பிள்ளை, மதுரைக்காரரான டாக்டர் மாதங்கி. போன செவ்வாய்க்கிழமையும் இடக்கண் கடைசி வரிவரை ஓடியது.

"சூப்பர், அங்கிள்! இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் கண்புரை வர்றது சகஜம். உங்களுக்கும் வந்திருக்கு. ஆனா இவ்வளவு நல்லா படிக்கிறீங்களே, அதை எடுக்க வேண்டியதில்லை. இனிமே இங்க வர வேண்டாம். டிஸ்சார்ஜ் பண்ணிடறேன்."

செபமாலைமுத்து நன்றி சொன்னார். கோட்டை மாட்டினார். கதவுவரை போனவர், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, வேற பலகை ஒண்டு இருக்கோ?"

இருந்தது. அதை மாட்டும்வரை இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார். பிறகு வலக்கண்ணை மட்டும் பொத்தியபடி, மேலே இருந்த ஒற்றைப் பெரிய எழுத்தை வாசித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார்.