தீப்பெட்டிக்குள் தலைமுடி

இன்று காலையில் தலை வாரினேன். சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றி எடுத்தவள், வெளியே போடாமல் தீப்பெட்டியைத் தேடினேன். நீங்கள் சிரிப்பீர்கள். கொஞ்சம் கழித்து எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

எங்கள் வீட்டில் முடியைத் தீப்பெட்டியில் சேர்த்து வைப்போம். வள்ளத்து எஞ்சினுக்காக.

தேங்காப்பட்டணத்தில் ஒரு கயிற்று வியாபாரியிடம் என் வீட்டுக்காரர் வள்ளம் ஓட்டினார். முதலாளி கொழும்பிலிருந்து ஓர் எஞ்சினை வரவழைத்தார். வள்ளத்தின் பின்னால் மாட்டினால் துடுப்பில்லாமல் ஆற்றில் போகும். அதன் சத்தத்துக்கு அக்கரை ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகச் சொல்வார்கள். ஆடுகளை விடுங்கள், முதல்நாள் நானே வேலிக்குப் பின்னால் ஒளிந்தவள்தான்.

ஒரு சனிக்கிழமை எஞ்சின் மணல் தின்று நின்றுவிட்டது. திங்கட்கிழமை முதலாளி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை அந்த வள்ளத்தில்தான் கூட்டிவர வேண்டும். ஓடாவிட்டால் கொல்லத்திலிருந்து வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் எஞ்சினைக் கழற்றி, முற்றத்தில் தன் நல்ல வேட்டியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்துவிட்டு மண்ணெண்ணெய் வாங்கப் போனார்.

சனிக்கிழமை எனக்குப் பித்தளை தேய்க்கும் நாள். ஞாயிறு ஆராதனைக்குப் போகுமுன் செம்பும் விளக்கும் பளபளக்க வேண்டும். கையில் புளியும் சாம்பலும் இருந்தன. வேட்டியில் பித்தளைச் சாமான்கள் கறுத்துக் கிடந்தன. எடுத்துத் தேய்த்துக் கழுவி, எடுத்த இடத்திலேயே வைத்தேன். வரிசை பிசகவில்லையென்று அத்தனை பெருமை.

அவர் வந்து பார்த்தார். குந்தினார். சின்னக் கிண்ணம் போன்ற ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"ஏட்டி, இது என்ன கல்யாண வீட்டுச் செம்பா?"

பெட்ரோல் இறங்க அதன் அடியில் ஒரு பொடித்துளை. சாம்பல் போய் அடைத்திருந்தது. ஊதிப் பார்த்தார், வரவில்லை. தையல் ஊசியை நீட்டினேன். வேண்டாமென்றார், துளை ஒரு பொட்டு பெருத்தாலும் எஞ்சினுக்கு மூச்சுமுட்டிவிடுமாம். கொல்லத்து ஆள் முற்றத்தில் வந்து நிற்பதுபோல இருந்தது எனக்கு. அழுதுவிட்டேன்.

"கரையாத. ஒந் தலமுடி ரெண்டு தா."

"எதுக்கு, மந்திரம் வைக்கவா?"

"ஓ. நீ எங்கயும் ஓடிப்போவாம இருக்க."

முடியை முறுக்கி, மண்ணெண்ணெயில் தோய்த்து, துளைக்குள் விட்டு இழுத்தார். மூன்றாவது தடவை கறுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் நான் சாம்பல் காட்டிய எல்லாவற்றையும் கோழியிறகால் மறுபடி மறுபடி மண்ணெண்ணெயில் கழுவினோம். நான் கழுவிக் கொடுக்க, அவர் முகர்ந்து பார்ப்பார். புளி வாடை அடித்தால் திருப்பித் தருவார். கழுவி முடிக்க மத்தியானம் ஆனது.

திங்கட்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வள்ளத்தில் வந்து இறங்கினார்கள். கரையில் நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். வள்ளத்திலிருந்தே இவர் என்னைப் பார்த்துத் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு எஞ்சினைக் கழற்றும்போதெல்லாம் முதலில் தீப்பெட்டியைத்தான் கேட்பார்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டார். எஞ்சினைக் குளச்சல்காரர் யாரோ வாங்கிப் போனார்கள். முன்பெல்லாம் சாயங்காலம் ஆற்று வளைவில் அதன் சத்தம் கேட்டதும் மீன்கறியை அடுப்பில் ஏற்றுவேன். இப்போது எப்போது ஏற்றுவதென்றே தெரிவதில்லை.

தீப்பெட்டி கூரை இடுக்கில் இருந்தது. பாதி நிறைந்திருந்தது. இன்றைய முடியையும் வைத்து மூடினேன்.