பம்ப் ஷெட்டுக்கென்று ஒதுக்கிய இடம்

நல்லேப்பிள்ளி ஊர் ரத்தினசாமியின் மூத்த மகள் வள்ளியாத்தாள் சித்தூர் காலேஜில் கணக்கில் பட்டம் வாங்கியபோது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கூடப் படித்தவர்களில் சிலர் டீச்சர் வேலைக்குப் போனார்கள், மற்றவர்கள் கல்யாணமாகிப் போனார்கள். இவளுக்குக் கல்யாணமும் ஆனது, வேலையும் அமைந்தது. கணவன் ஆறுமுகசாமிக்கு நெல் விவசாயம். வேலை, கோபாலபுரம் போகிற ரோட்டில் இருந்த ஒரு பம்ப் கம்பெனியில்.

அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் கிடைத்திருந்தது. ஒவ்வொரு பம்பும் எவ்வளவு அழுத்தத்தில் எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று அச்சடித்த தாள் கூடவே போக வேண்டும். அதற்காக முதலாளி பம்பாயில் யாரோ வேண்டாமென்று விட்ட ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். அதைப் பார்த்துக்கொள்ள வள்ளியாத்தாளை மெட்ராசுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். "போய்ட்டு வா புள்ள, நடவுதான் முடிஞ்சு கெடக்குதே" என்று ஆறுமுகசாமி பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்தான். திரும்பி வந்தபோது, மெஷினுக்குள் இருக்கும் எந்தப் புரோகிராமையும் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு இரும்பு அலமாரி அளவுள்ள மெஷின் அது. அதைப் பகிர்ந்துகொண்டவர்கள் இரண்டு பேர். முன்கட்டில் டிசைன் என்ஜினீயர் சூசையப்பன், புது பம்புகளுக்கான கணக்குகளை அதில் போடுவார். பின்பக்கம் பம்ப் ஷெட் என்று சொல்கிற டெஸ்ட் ஷெட்டில் பொன்ராஜ் பம்புகளை ஒவ்வொன்றாக டெஸ்ட் மேடையில் பூட்டி ஓட்டுவான். மேடையிலிருந்து வந்த கம்பி, அழுத்த அளவுகளை நேராக மெஷினின் ஞாபக இடத்தில் கொண்டுபோய் எழுதிவிடும். பொன்ராஜ் வண்டன்மேட்டுக்காரன். ஏலத்தோட்டத்தில் வளர்ந்து, ஐ.டி.ஐ. படித்து, மலையிறங்கி வந்தவன். வேலைச் சுத்தம் உள்ளவன். பேச்சு குறைவு.

எழுபத்தெட்டாம் வருஷ மழைக்காலத்தில் அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிய பம்புகளில் சில, தாளில் சொன்ன அழுத்தம் தரவில்லை என்று புகார் வந்தது. தாள்களை எடுத்துப் பார்த்தால், அடுத்தடுத்த இரண்டு பம்புகளுக்குப் புள்ளி பிசகாமல் ஒரே அளவு. பம்பை மாற்றிப் பூட்டச் சோம்பல்பட்டு ஒரே பம்பை இரண்டு தடவை ஓட்டியிருக்கிறான் என்று மேனேஜர் தீர்மானித்தார். "மாத்தித்தான் சார் பூட்டுனேன்" என்பதற்குமேல் பொன்ராஜுக்குச் சொல்லத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் அறையில் வந்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மெஷினில் தப்பில்லை என்றுதான் வள்ளியாத்தாள் சொல்லியிருப்பாள். அப்போது அவளும் அப்படித்தான் நம்பினாள்.

அவன் போய்ச் சில வாரம் கழித்து, அவன் இடத்தில் வேறொருவன் பம்ப் ஓட்டிக்கொண்டிருந்தபோது, கேண்டீனில் சூசையப்பன் புலம்பினார்.

"என்ன மெஷினுங்க இது? நேத்து புது பம்புக்குள்ள சுத்தற இம்பெல்லருக்குக் கணக்கு போட்டேன். நடுவுல அறுபது, அறுபத்தொண்ணு, அறுபதுன்னு வரிசையா நம்பர் வந்து உக்காந்திருக்கு. அது எந்த ஊர் நம்பருன்னே தெரியல."

வள்ளியாத்தாளுக்குக் கையில் எடுத்த இட்லி வாய்க்குப் போகவில்லை. அறுபதும் அறுபத்தொன்றும் எந்த ஊர் நம்பர் என்று அவளுக்குத் தெரியும். தினமும் அச்சாகிற பம்பின் அழுத்தம் அது.

"இது எப்பவெல்லாம் வருதுங்க?"

"பெரிய கணக்கா போடறப்பதான்."

பம்பின் அளவு இவருடைய கணக்கில் வந்து விழுந்திருக்கிறது என்றால், அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அப்படியானால் அந்த இடத்தில் அப்போது என்ன இருந்திருக்கும்? பழைய பம்பின் அளவு அப்படியே இருந்திருக்கும். அதைத்தான் மெஷின் மறுபடி அச்சடித்திருக்கும். அப்படியென்றால் பொன்ராஜ் மாற்றித்தான் பூட்டியிருக்கிறான் என்று தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

மெஷினுக்குள் எல்லாப் புரோகிராமுக்கும் இடம் பங்கிட்டுத் தருகிற தாய்ப் புரோகிராம் ஒன்று உண்டு, மானிட்டர் என்பார்கள். அதை உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாள். பெரிய கணக்கு வந்து இடம் போதவில்லை என்றால், மானிட்டர் மற்ற புரோகிராம்களை ஓரமாக நகர்த்தி இடம் உண்டாக்கும். நகர்த்தியதைப் புரோகிராம்களுக்குத் தெரியப்படுத்தவும் செய்யும். ஆனால் டெஸ்ட் மேடையின் கம்பி, புரோகிராம் வழியாக வருவதில்லை. முதலில் சொன்ன விலாசத்துக்கே நேராக வந்து எழுதும். விலாசம் மாறிய சேதியை அதற்குச் சொல்ல மானிட்டரில் ஒரு வரிகூட இல்லை.

சரிசெய்ய அவள் நினைத்த வழி எளிதுதான். பம்ப் ஷெட்டுக்கென்று மெஷினுக்குள் ஒரு துண்டு இடத்தை ஒதுக்கி, யார் வந்தாலும் நகர்த்தக் கூடாது என்று மானிட்டரில் எழுதிவிடுவது. எழுதினாள். மறுநாளே சூசையப்பன் கோபமாக வந்து நின்றார்.

"என் கணக்கு உள்ளயே போகமாட்டேங்குது. இடமில்லைங்குது!"

காலியாகக் கிடந்த நடு இடத்தில் அவள் அந்தத் துண்டை ஊன்றிவிட்டிருந்தாள். இருபுறமும் இடம் மிச்சமிருந்தும், பெரிய கணக்கு முழுசாக உட்கார ஒரே வீச்சில் இடம் இல்லை. வரப்பைத் தப்பான இடத்தில் போட்டால் இரண்டு பக்கத்து வயலும் ஏர் திருப்ப ஆகாமல் போகும். அவளுக்கு அது தெரியாததில்லை. அவசரத்தில் செய்தது. பிறகு யோசித்து, காலையில் மெஷினைக் கிளப்பும்போதே, வேறு யாரும் உள்ளே வருவதற்கு முன், கடைசி ஓரத்தில் அந்த இடம் ஒதுங்கிவிடும்படி மாற்றினாள். மேடை எழுதி முடித்தேன் என்று சொல்லும்வரை அதை யாருக்கும் கொடுக்காமலும் பார்த்துக்கொண்டாள். அதன்பின் சூசையப்பனின் கணக்கும் ஓடியது, பம்பின் அளவும் பிசகவில்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். பாராட்டவும் செய்தார்.

"அப்ப பொன்ராஜுங்க?"

"அது முடிஞ்ச விஷயம். வேணும்னா புது ஆளா வந்து சேரச் சொல்லு. பழைய சர்வீஸ் கிடைக்காது."

வீட்டில் ஆறுமுகசாமியிடம் சொன்னாள். அவன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டான்: "தபால் போட்டாப் போதாதா?"

"தபால்ல படிச்சா அவருக்கு மட்டுந்தானுங்க தெரியும். அவரு வீட்டுல இருக்கறவங்களும் கேக்கோணும். நேர்ல போகோணும்."

ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்து லீவு போட்டு, இருவரும் பொள்ளாச்சி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறி மலையேறினார்கள். வண்டன்மேட்டில் மழை விடவில்லை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றில் பொன்ராஜ் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தானே தவிர, வாங்க என்று சொல்லவில்லை. அவன் மனைவி சாந்தம்மாள்தான் சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னாள்.

வள்ளியாத்தாள் சுற்றி வளைக்கவில்லை. "நீங்க பம்பை மாத்தித்தான் பூட்டியிருக்கீங்க. தப்பு மெஷின்லதானுங்க" என்றாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

பொன்ராஜ் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். சாந்தம்மாள் குறுக்கிட்டாள்: "எனக்குப் புரியலக்கா. மெஷினு எப்பிடித் தப்பா எழுதும்?"

"இப்ப தோட்டத்து லயத்துல ஒருத்தரை வேற வீட்டுக்கு மாத்துறாங்கன்னு வைங்க. அரிசி கொண்டாந்து போடறவருக்கு அதைச் சொல்லலை. அவரு பழைய வீட்டுலயே போட்டுட்டுப் போயிருவாரு. மாறிப் போனவங்க பானையில இருக்கற பழைய அரிசியைத்தான் பாத்துட்டு இருப்பாங்க. அப்படித்தானுங்க ஆச்சு."

"அப்ப இவுக சொன்னது நெசந்தானா?" என்று சாந்தம்மாள் கேட்டாள். கேள்வி வள்ளியாத்தாளிடம், பார்வை புருஷனிடம். "நான்கூட, மெஷினு பொய் சொல்லுமான்னு கேட்டுட்டேனே."

"இன்னொரு வாட்டி சொல்லுங்கக்கா" என்றான் பொன்ராஜ். "இவளுக்கு வெளங்குற மாதிரி, மெதுவா."

மறுபடி சொன்னாள். சாந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போட உள்ளே போனாள். அவள் போனதும் பொன்ராஜின் குரல் உயர்ந்தது.

"அன்னைக்கு ஏங்க்கா யாரும் பாக்கல? மாத்துனேன், மாத்துனேன்னு எத்தன தடவ சொன்னேன்!"

ஆறுமுகசாமி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தான். வள்ளியாத்தாள் அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள். "பாத்திருக்கோணும். பாக்கலை" என்றாள்.

காப்பி வந்தது. குடித்துவிட்டு வள்ளியாத்தாள் மேனேஜர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னாள்.

"புது ஆளா வரமாட்டேன்" என்றான் பொன்ராஜ். சற்றுப் பொறுத்து, "இனி அப்பிடி ஆகாதுல்ல?" என்று கேட்டான்.

"அந்த இடத்தை இனி ஒருத்தரும் நகர்த்த முடியாதுங்க. வேற எங்கயும் தப்பு இருக்காதுன்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

அவன் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். மழை குறைந்ததும் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை கூட வந்தான்.

ஊர் திரும்பியபின் அவள் மேனேஜரை விடவில்லை. பொன்ராஜ் வேலையில் குற்றமில்லை, கம்பெனியின் மெஷினில்தான் பிழை என்று சர்டிபிகேட் வேண்டுமென்றாள். கம்பெனிக்குக் கெட்ட பேர் வருமென்று அவர் தட்டிக் கழித்தார். சூசையப்பனும் கூட வந்து நின்றபிறகுதான் கையெழுத்துப் போட்டார். அதைக் காட்டி அடுத்த வருஷம் பொன்ராஜ் கம்பத்தில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தான். அந்தத் தகவலைச் சாந்தம்மாள் யாரையோ எழுதச் சொல்லி ஒரு கார்டு போட்டிருந்தாள்.

கம்பெனியில் புதிதாக வந்த டெஸ்ட் ஆளின் தாளில் எண் ஏதாவது இடித்தால், வள்ளியாத்தாள் குளிர்பதனம் செய்த கம்ப்யூட்டர் அறையை விட்டு எழுந்து பின்பக்கம் போவாள். சேலைக் கரை நனைய மேடை அருகே நின்று, அவன் பம்பைக் கழற்றி அடுத்ததைப் பூட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு வந்து மெஷினைத் திறப்பாள். எதற்கு இந்த நடை என்று மேனேஜர் ஒருதடவை கேட்டார்.

"பம்ப் ஓட்டறவரு சொல்றதையும் கேக்கோணுமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.