சிவப்பு முள் நின்ற இடம்

அந்தக் கருவியில் இரண்டு முட்கள் இருந்தன. கைப்பிடியை அழுத்தினால் கறுப்பு முள் சிவப்பு முள்ளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறும். பிடியை விட்டதும் கறுப்பு இறங்கிவிடும். சிவப்பு மட்டும் ஏறிய இடத்திலேயே நிற்கும். கையின் பலத்தை அளக்கும் கருவி. உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்த மாற்றுத்திறனாளிகள் முகாமில்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். என் அண்ணனை அங்கே அழைத்துப் போயிருந்தேன்.

அண்ணனுக்குப் பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத நோய். ஹீமோஃபிலியா என்பார்கள். இதில் பெரிய பயம் வெட்டுக்காயம் அல்ல. வெளியே ஒன்றும் தெரியாமல் மூட்டுக்குள்ளும் சதைக்குள்ளும் ரத்தம் கசிந்து வீங்கும். நிறுத்த ஊசி உண்டு. அது கிடைக்கும் ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஊர் காவாந்தண்டலத்திலிருந்து பஸ் மாறிப் போக வேண்டும். சிறு வயதிலேயே அவருக்கு இரண்டு முழங்கால்களும் கெட்டுவிட்டன. நான் எட்டாவதோடு படிப்பை விட்டு, போர்வெல் வண்டியில் ஏறி ஊர் ஊராகச் சுற்றினேன். அண்ணன் பஸ் நிலையத்தருகே ஒரு மேஜை போட்டு செல்போன் பழுது பார்த்தார். அவருக்கு மிச்சமிருந்த பிழைப்பு அந்த வலது கை. ஊசிக்குப் போய்வர பஸ் பாஸ் வேண்டும், அதற்குச் சான்றிதழ் வேண்டும். அதற்காகத்தான் முகாமுக்குப் போனோம்.

ஊரில் அவருக்குப் பெயர் கண்ணாடி. நெல் மூட்டை ஏற்ற ஆள் தேடும்போது, "கண்ணாடியக் கூப்டாதீங்கபா, தொட்டா ஒடஞ்சி நம்மள கேஸ்ல மாட்டி வுட்ரும்" என்று சிரிப்பார்கள். அண்ணனும் கூடச் சிரிப்பார். கூடவே சிரிப்பதைத் தவிர அவருக்கு வேறு என்ன வழி?

முகாம் டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கருவியை நீட்டினார்.

"சார், ரத்த வியாதி சார். முக்கிப் புடிச்சா உள்ள கசியும்" என்றேன்.

"எல்லாரும் ஒரு கதையோடதான் வர்றீங்க. முழு பலத்தோட அழுத்தணும். நடிச்சா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. சிவப்பு முள் நெடுந்தூரம் ஏறி நின்றது.

"நல்லாத்தானே இருக்கீங்க? இந்தப் பிடி எனக்கே இல்ல. அடுத்தது யாரு?"

வெளியே வந்ததும் நான் கத்தினேன். "இன்னாண்ணா பண்ண? கம்மியா அயுத்தி வுட்டுட்டு வர வேண்டியதுதான?"

"எங்க போயி நின்னுச்சின்னு பாத்தியாடா?" அவர் முகம் மலர்ந்திருந்தது. "இத்தினி வயசுக்கு இப்பத்தான்டா ஒர்த்தன் என்னாண்ட பலத்தக் காட்டுன்னு கேட்டுகீறான். கம்மியா காட்ட மனசு வர்ல."

சாயங்காலம் அவருடைய வலது முன்கை கல்லாக இறுகியது. விரல்கள் மரத்தன. முதலில் போன இடத்தில் ஊசி இருப்பு இல்லை என்றார்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் ஊசி ஏறுவதற்குள், உள்ளே தேங்கிய ரத்தம் நரம்பை நசுக்கிவிட்டது. வீக்கம் வடிந்தது. மடங்கிய விரல்கள் விரியவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மாவின் மேஜையிலும் அதே மாதிரிக் கருவி ஒன்று இருந்தது. பிடுங்கி ஜன்னல் வழியாக வீசிவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த அம்மா முதலில் ஊசி போட்டாயிற்றா என்று கேட்டார். முழங்கையையும் மணிக்கட்டையும் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் கருவியை இடது கையில் கொடுத்தார். "மெதுவா ஏத்துங்க. வலி தொட்ட உடனே விட்டுடணும். அதுவரைக்கும் இருக்கிற பலம்தான் எனக்குத் தெரியணும்." சதை எங்கே இளைத்திருக்கிறது என்று தெரிந்தால், அதற்கேற்ற பயிற்சி கொடுத்து மூட்டைக் காப்பாற்றலாமாம். அளப்பது அதற்காக. இந்த நோயே சட்டத்தின் ஊனப் பட்டியலில் இருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார்.

போர்வெல் வண்டியில் எங்களுக்கும் முள் வைத்த மீட்டர் உண்டு. பழைய ரப்பர் ஹோஸ் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அது வெடிக்கும்வரை ஏற்றிப் பார்க்கிறவனை, முதலாளி அன்றைக்கே வேலையை விட்டு இறக்கிவிடுவார். ரப்பருக்கு இருக்கும் மரியாதை என் அண்ணன் கைக்கு இல்லை. அந்த டாக்டரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகாம் நடத்தியவர்களிடம் நான் போய்க் கேட்டபோது, "அவரா வந்து அழுத்தினாரு" என்றார்கள்.

போன மாதம் மறுபடி முகாம். அதே வகுப்பறை, அதே கருவி, வேறு டாக்டர். மடங்கிய விரல்களுக்குள் கைப்பிடியை நானே நுழைத்து வைத்தேன். அண்ணன் அன்று போலவே பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு அன்று போலவே புடைத்தது. டாக்டர் ஒரு கணம் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

"குட்துட்டாங்கடா" என்றார் அண்ணன், என்னிடம் மட்டும் கேட்கும்படி. இந்த முறை அவர் முகம் மலரவில்லை.

அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே, சிவப்பு முள்ளைப் பழையபடி பூஜ்யத்துக்குத் தள்ள டாக்டர் விரலை நீட்டினார். தள்ள வேண்டியிருக்கவில்லை. அது அங்கேயேதான் இருந்தது.