ஃபேன் எந்தப் பக்கம் சுற்றுகிறது

எண்பதுகளில் நான் பெரம்பலூரில் ஷெட் வைத்திருந்தபோது, ரேடியேட்டருக்குக் கரண்ட் ஃபேன் வைத்த கார் ஊரில் ஒன்றே ஒன்றுதான். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் சார் வாங்கிய பழைய வண்டி. கரண்ட் வேலையில் நான் புலி என்று ஒரு பேச்சும் ஊரில் இருந்தது. கிளப்பிவிட்டவன் நான்தான்.

ஒரு நாள் சார் ஃபேன் மோட்டார் எரிந்துபோன வண்டியோடு வந்தார். இரண்டு நாளில் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போகவேண்டுமாம். அவர் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள், மூன்று வருஷம் கழித்துக் கைக்குழந்தையோடு வருகிறாள்.

"பச்சப்புள்ளையோட நடுரோட்ல நிக்கக்கூடாது தம்பி. நான் கொதிச்சது போதும். வண்டியும் கொதிக்கவேணாம்."

திருச்சியில் பழைய சாமான் கடையில் அதே அளவு மோட்டார் கிடைத்தது. இரண்டு ஒயரும் கறுப்பு; எது பிளஸ், எது மைனஸ் என்று தெரியாது. பழைய இறக்கையை அதில் மாட்டி, பிராக்கெட்டில் முடுக்கி, கரண்ட் கொடுத்தேன். சுற்றியது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று கை கழுவினேன்.

சாருக்கும் அவர் மனைவிக்கும் துணையாக வண்டியை ஓட்டிக்கொண்டு நானும் போனேன். அரியலூர் வரை எஞ்சின் சூடு காட்டும் ஊசி ஏறவில்லை. ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். ஸ்டேஷன் வாசலில், என் வேலையை ஊர் பார்க்கட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினேன். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊசி ஏறிக்கொண்டே இருந்தது. சார் ஊசியையே பார்த்தார்.

வண்டிக்கு முன்னால் நின்ற அவர் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, ஃபேன் வண்டிக்கா, எனக்கா? அடுப்பு முன்னாடி நிக்கிற மாதிரில்ல இருக்கு."

அவர் முந்தானை வண்டியை விட்டு விலகிப் பறந்துகொண்டிருந்தது. உள்ளே இழுக்கவேண்டிய காற்றை என் ஃபேன் வெளியே ஊதுகிறது. ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்; மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

எஞ்சினை அணைத்து, கையைச் சுட்டுக்கொண்டு, இரண்டு ஒயரையும் இடம் மாற்றினேன். டேப் சுற்றும்போதே ரயில் வந்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்ததும் அந்த அம்மாவின் முந்தானை வண்டியின் முன்பக்கக் கிரில்லில் போய் ஒட்டிக்கொண்டது. ஊசி மெல்ல இறங்கியது.

மகள் வந்து அப்பா முன்னால் நின்றாள். நாற்பது வருஷம் வகுப்பில் பேசிய மனிதர் பானட்டைத் தட்டினார்.

"வண்டி இனிமே கொதிக்காதும்மா."

"வண்டி சரிப்பா. நீங்க?"

சார் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஃபேன் மோட்டார் மாற்றினால், கிரில் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். சுற்றினால் மட்டும் போதாது. காகிதம் வண்டியோடு போய் ஒட்டவேண்டும்.